டீக்கடைச் சிரிப்பு வீட்டுக்கும் வரட்டும்

தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் தகப்பன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தகப்பன்மாரே,

பிள்ளைகள் உங்களை அப்பா என்று கூப்பிடலாம். அய்யா என்று கூப்பிடலாம். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் பல வீடுகளில் அத்தா என்று கூப்பிடுவார்கள். லோயர் கேம்பிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வரை எந்த ஊரில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். பிள்ளைகள் தங்கள் வாயால் உங்களிடம் சொல்லத் தயங்குகிற ஒன்றைச் சொல்லவே இது எழுதப்படுகிறது.

சிரிக்கச் சிரிக்கப் பேச உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருக்கலில் டீக்கடை பெஞ்சில், கவாத்து வேலைக்கு நடுவே திராட்சைப் பந்தலுக்கு அடியில் சாப்பிட உட்காரும்போது, மடைத் தண்ணீருக்கு முறை வரும் என்று வாய்க்கால் கரையில் விழித்திருக்கும் ராத்திரியில் நீங்கள் சொல்லும் கதைகளில் முக்கால்வாசி வீட்டுக் கதைதான். வீட்டுப்பாட நோட்டை ஆடு தின்றுவிட்டது என்று டீச்சரிடம் சொன்ன மகன், டீச்சர் நம்பவில்லை என்றதும் மறுநாள் சாட்சிக்கு ஆட்டையே பள்ளிக்கூட வாசலுக்கு இழுத்துப்போன கதை. "வயித்துவலின்னா எந்தப் பக்கம் கையை வைக்கணும்?" என்று அண்ணனிடம் விசாரித்துக்கொண்டு வந்து லீவு கேட்ட சின்னவன் கதை. அம்மாவுக்குத் தெரியாமல் நீங்கள் எடுத்துத் தின்ற அதிரசம் எத்தனை என்று விருந்தாளிக்கு முன்னால் எண்ணிச் சொன்ன மகள் கதை. கேட்கிற அத்தனை பேரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

அந்தக் கதைகளில் பெருமை இருக்கிறது, பாசம் இருக்கிறது. கதைக்குரிய பிள்ளைக்கு மட்டும் அதில் ஒரு துளியும் போய்ச் சேரவில்லை. ஆட்டை இழுத்துப்போன அன்று அவனுக்குக் கிடைத்தது முதுகில் இரண்டு அடி. அன்று ராத்திரி நீங்கள் திரும்பிப் படுத்துக்கொண்டு சிரித்தது அவனுக்குத் தெரியாது. அவன் புத்தியை மெச்சி ஊரே சிரித்ததும் தெரியாது. அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். இதுதான் உங்கள் மேல் உள்ள முதல் வருத்தம்.

உங்கள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் வீட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டிவி அணைகிறது. தரையில் உருண்டுகொண்டிருந்தவன் எழுந்து கைக்கு எட்டிய புத்தகத்தை விரிக்கிறான். அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தவள் பாட்டைப் பாதியில் நிறுத்துகிறாள். நீங்கள் கைகால் கழுவிவிட்டு வந்து, "என்ன, படிச்சியா?" என்று கேட்கிறீர்கள். "படிச்சேன்ப்பா." அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். டீக்கடையில் பத்துப் பேரைப் பேச்சால் கட்டிப்போட்ட மனிதர், தன் வீட்டில் மூன்று பேரிடம் பேச விஷயம் இல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியாதது அல்ல. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பதும் பள்ளிக்கூடம் திறப்பதும் பெரும்பாலும் ஒரே ஜூன் மாதத்தில் வருகின்றன. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு விதைநெல், உழவுக் கூலி, நாற்றங்கால் என்று கை நீளும்போதே நோட்டு, பை, ஷூ, வேன் கட்டணம் என்று இன்னொரு பக்கமும் கை நீள வேண்டியிருக்கிறது. மழை நேரம் தப்பிப் பெய்தால் பழுத்த பன்னீர் திராட்சை பந்தலிலேயே வெடிக்கிறது. போடி ஏலத்தில் ஏலக்காய் விலை இறங்கினால் வீட்டுக்கு வரும் முகமும் இறங்குகிறது. உங்கள் தகப்பனார்களும் இப்படித்தான் இருந்தார்கள். சிரித்துப் பேசினால் பிள்ளை தலைக்கு மேல் ஏறிவிடும் என்று சொல்லித்தான் உங்களையும் வளர்த்தார்கள்.

ஆனால் பிள்ளைக்கு ஏலக்காய் விலை தெரியாது. அப்பா முகம்தான் தெரியும். அது கடுத்துக் கிடந்தால், தான் என்ன தப்புச் செய்தோம் என்றுதான் அது யோசிக்கும். "இன்னைக்கு விலை இறங்கிருச்சு, அதான் அப்பா உம்முனு இருக்கேன்" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டால், ஏழு வயதுப் பிள்ளைகூட உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பாசத்தில் நீங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்பதற்கு இந்த மண்ணே சாட்சி. 1895-ல் பயன்பாட்டுக்கு வந்த பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுக்கின் படத்தைப் பொங்கலன்று வைத்துக் கும்பிடுகிறவர்கள் நீங்கள். பெற்ற பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். ஆற்றையே கிழக்கே திருப்பிய மனிதரின் பெயரைச் சுமக்கும் பையனைத்தான், "டேய் பென்னி, ஓடிப்போயி ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வா" என்று விரட்டுகிறீர்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி வரும் கூட்டத்துக்கு நடுவே, தோளில் பிள்ளையை உட்காரவைத்து, அது உங்கள் முடியைப் பிடித்து இழுக்க இழுக்கச் சிரித்துக்கொண்டே நடக்கிறவர்களும் நீங்கள்தான். திருவிழா முடிந்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போய்விடுகிறது?

2022 மே 26-ஐ நினைவிருக்கிறதா? மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதையில் 2010 டிசம்பர் 31-ஓடு ரயில் நின்றுபோனது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, அகலப் பாதையில் தேனிக்கு மறுபடி ரயில் வந்த நாள் அது. இடையில் பிறந்த தேனிப் பிள்ளைகள், தங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயிலே பார்க்காமல் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைக்குக் காட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன தகப்பன்மார், பிள்ளையைவிட முன்னால் எட்டிப் பார்த்தார்கள். பழைய கரி எஞ்சின் கதை, டிக்கெட் எடுக்காமல் ஏறிய கதை, ஜன்னலோரச் சீட்டுக்குத் தம்பியோடு சண்டை போட்ட கதை எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. அப்பாவும் ஒரு காலத்தில் சேட்டை செய்த பையன்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரியவர ஒரு ரயில் வரவேண்டியிருந்தது.

மறு ஆண்டு மே 27 காலையில் அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருக்களுக்குள் வந்துவிட்டது. அந்த நாள்களில் ஓர் உயிரும் போனது. அந்தக் குடும்பத்தின் துயரத்தை யாரும் லேசாக எண்ண முடியாது. 144 தடை உத்தரவு, பூட்டிய கடைகள், மொபைலில் சுற்றிவந்த வீடியோக்கள் என்று பெரியவர்களே நடுங்கிப்போயிருந்தார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு ஜன்னலில் துணி ஆடினாலும் தும்பிக்கையாகத் தெரிந்தது. அப்போது உங்களில் பலர் என்ன செய்தீர்கள்? சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் அதற்கு வந்த பெயர்தான் அரிக்கொம்பன் என்பதைப் பிடித்துக்கொண்டீர்கள். கார்டு இல்லாமலே ரேஷன் வாங்கப் புறப்பட்ட யானை, வழி தெரியாமல் கம்பத்துக்கு வந்துவிட்டது என்று கதை கட்டினீர்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த பிள்ளை வெளியே வந்து, "அதுக்கு எத்தனை கிலோ போடுவாங்க?" என்று கேட்டது. ஜூன் 5 அதிகாலையில் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு அதைக் கொண்டுபோகும்வரை அந்தக் கதை நீண்டது. பயத்தில் இருக்கும் பிள்ளையைத் தேற்ற என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கணக்குப் பாடத்துக்குப் பயப்படுகிற பிள்ளையிடமும் அதே மனிதராக இருக்கத்தான் கேட்கிறது இந்த மடல்.

சிரித்துப் பழகினால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 18 முதல் 45 வயது வரை உள்ள 312 பேரிடம் அவர்கள் வளர்க்கப்பட்ட விதத்தைக் கேட்டு, முடிவை 2024-ல் பிளோஸ் ஒன் இதழில் வெளியிட்டார்கள். நகைச்சுவையோடு வளர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், வளர்த்தவர்களோடு தங்களுக்கு நல்ல உறவு இருப்பதாகச் சொன்னார்கள். அப்படி வளர்க்கப்படாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. சிறிய ஆய்வுதான்; அந்த ஊர்க் குடும்பமும் நம் குடும்பமும் வேறுதான். இருந்தாலும், கண்டிப்பு மட்டுமே பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போகாமலே ஓர் உதாரணம் உண்டு. ஊர்ப் பொங்கலுக்குப் பட்டிமன்றம் போட்டால், குடும்பத்தைப் பற்றிய தலைப்பாக இருந்தால் நடுச்சாமம் ஆனாலும் கூட்டம் கலையாது. மதுரையிலிருந்து சாலமன் பாப்பையா போன்றவர்கள் பல பத்தாண்டுகளாக மாமியார், மருமகள், கணவன், மனைவி, பிள்ளை என்று வீட்டுச் சண்டையையே மேடையேற்றித் தமிழ்நாட்டைச் சிரிக்கவைத்தார்கள். அந்த ராத்திரியில் நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே நகைச்சுவைக்குச் சிரிக்கிறீர்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, "நம்ம வீட்டுல நடந்த மாதிரியே இருக்குல்ல?" என்கிறீர்கள். அடுத்த திருவிழா வரை அந்தப் பாயைச் சுருட்டிவைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நேராகச் சொல்லவேண்டும். நம் ஊர்க் காலைகள் மாறிவிட்டன. போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள், விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறார்கள். அந்த வீடுகளில் பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்புகிற வேலை பாட்டியிடமோ அப்பாவிடமோ வந்து சேர்கிறது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவானதில், இந்த வீடுகளின் காலைப் பதற்றம் பாதி குறைந்தது. மீதிப் பாதி, இரட்டைச் சடை.

மகளுக்குச் சடை பின்னுகிற தகப்பனைப் பார்த்திருக்கிறீர்களா? பந்தல் கம்பியில் திராட்சைக் கொடியைக் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன விரல் அது. வகிடு எடுக்கும்போதே கை நடுங்குகிறது. ஒரு சடை காதுக்கு மேலே நிற்கிறது, இன்னொன்று கழுத்துக்கு இறங்குகிறது. ரிப்பனைக் கட்டும்போது மட்டும் கை தன்னை அறியாமல் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துவிடுகிறது: காற்று அடித்தாலும் கொடி அவிழாத பந்தல் முடிச்சு. மகள் கண்ணாடியைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள், இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிவந்த அம்மா அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலைத் தேடுகிறாள். இந்த வீட்டில் "படிச்சியா?" என்ற கேள்விக்கு முன்னால் பேச நூறு விஷயம் இருக்கிறது. சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிற இடத்தில்தான் சேர்ந்து சிரிக்க ஏதாவது கிடைக்கிறது.

அப்படிப்பட்ட தகப்பன்மார் இன்னும் குறைவு என்பதைத்தான் கணக்கும் சொல்கிறது. 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருநாளைக்கு அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். அந்த வேலையில் கையே வைக்காத ஆண்கள் நான்கில் மூன்று பேர். வீட்டு வேலையில் இல்லாதவருக்கு வீட்டுக் கதை பிறர் சொல்லித்தான் தெரியும். டீக்கடையில் நீங்கள் சொல்கிற கதைகளில் எத்தனை, உங்கள் மனைவி பார்த்துச் சிரித்துவிட்டு உங்களிடம் சொன்னவை என்று எண்ணிப் பாருங்கள்.

இனி வலிக்கிற இடத்துக்கு வரலாம். சில சிரிப்புகள் பிள்ளையின் மேல் விழுகின்றன. கல்யாண வீட்டுப் பந்தியில் உறவெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, "இவனா? இங்கிலீஷ்ல பன்னெண்டு மார்க்கு, பெரிய கலெக்டரு" என்கிறீர்கள். கறுப்பாக இருக்கிற பிள்ளையை நிறம் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். குண்டாக இருக்கிறவளின் தட்டைப் பார்த்து ஒரு வார்த்தை விடுகிறீர்கள். ராத்திரி படுக்கையை நனைத்ததை அத்தை வீட்டில் சொல்கிறீர்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள், பிள்ளையும் சிரிக்கிறது. அது தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரிப்பதை நீங்கள் கவனிப்பதில்லை. பிறகு அந்த உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தபந்தமே பிடிக்கல" என்று வருத்தப்படுகிறீர்கள்.

மகள்களைப் பற்றிய பகடி இதைவிடக் கொடியது. "செலவு வந்துருச்சு", "கடன்காரி வர்றா", "இவளுக்கு நகை சேர்க்கவே நான் இன்னொரு பிறவி எடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள். எந்த மண்ணில் நின்று சொல்கிறீர்கள் என்பதை மறந்துவிடுகிறீர்கள். பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, 2001-ல் தேனி மாவட்டத்துக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் பிறந்த பெண்கள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். சிலர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பெண் என்றால் செலவு என்ற அதே நினைப்புதான் அன்று தொட்டில்களைத் தேவையாக்கியது. அதை இன்று நகைச்சுவையாகக்கூட உங்கள் மகள் காதில் போடாதீர்கள். அவள் சிரித்தால், அப்பா சொன்னாரே என்பதற்காகச் சிரிக்கிறாள்.

மனைவியைக் கிண்டல் செய்து பிள்ளைகளைச் சிரிக்கவைப்பதும் இதில் சேர்ந்ததே. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்ற சிரிப்பைக் கேட்டு வளர்ந்த மகன், நாளை எந்தப் பெண்ணின் பேச்சையும் காதில் வாங்கமாட்டான்.

ஆகவே, தகப்பன்மாரே, கேட்பது இவைதான்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது மொபைலைத் தள்ளி வைத்துவிட்டு, "படிச்சியா?" என்பதற்கு முன்னால் உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். வண்டி நடுரோட்டில் நின்றது, மண்டிக்காரரிடம் பேரம் பேசித் தோற்றது, மாடு முட்ட வந்ததும் ஓடியது, எதுவானாலும் சரி. பிள்ளையின் கதை ஒன்றை வெளியே சொல்லி ஊரைச் சிரிக்கவைத்திருந்தால், அதை அந்தப் பிள்ளையிடமும் சொல்லுங்கள்; அது செய்த காரியம் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளையைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசும் முன், இதைச் சொல்லலாமா என்று அதனிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மார்க்கு, நிறம், உடம்பு, மகளுக்கு ஆகும் செலவு, இந்த நான்கையும் சிரிப்புக்கு எடுக்கமாட்டோம் என்று உங்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்யுங்கள். நண்பர் ஒருவர் அதை எடுத்தால், "மாப்ள, அது வேணாம்டா" என்று சொல்ல உங்களால் முடியும். ஊரில் வேறு யார் சொன்னாலும் அவர் கேட்கமாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

வாரத்தில் சில காலைகளையாவது உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். சடை கோணலாக வந்தால் வரட்டும். டிபன் பாக்ஸில் உப்பு கூடினால் கூடட்டும். பிள்ளை சாயங்காலம் வந்து அதைச் சொல்லிச் சிரிக்கும்போது கோபப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக, பள்ளிக்கூடம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். பெண்கள் வருகிறார்கள், ஒருநாள் கூலியை விட்டுவிட்டும் வருகிறார்கள். அப்பாக்கள் உட்காரவேண்டிய நாற்காலிகள்தான் பல பள்ளிகளில் காலியாகக் கிடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். தோட்டத்து வேலையை அரைநாள் தள்ளிப்போடுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, விளையாட்டுப் பீரியடில் பிள்ளைகளை விளையாட விடுகிறார்களா என்று கேளுங்கள். மார்க்கை விசாரிப்பதற்கு முன்னால், "எங்க பிள்ளை இங்க யார்கூடப் பேசிச் சிரிக்கும் டீச்சர்?" என்றும் கேளுங்கள். டீச்சர் சொல்லும் பதிலை அன்று சாயங்காலமே பிள்ளையிடம் வந்து சொல்லுங்கள். அந்தச் சிநேகிதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.